பெயரைச் செருகினால் சிரிப்பு வருமா?

நேற்று எங்கள் ஊர் அரங்கத்தில் 'அயோலாந்தி' பார்த்தேன். இங்கிலாந்து முழுக்க ஊர் ஊராகப் போய் நடத்தும் ஒரு குழு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் ஒரு எரிச்சல் போகவில்லை.

கில்பர்ட் எழுதி, சல்லிவன் இசையமைத்த ஓபரா, அதாவது நகைச்சுவை இசைநாடகம் இது. 1882 நவம்பர் 25 அன்று லண்டன் சவாய் தியேட்டரில் முதல் காட்சி. முக்கியத் தேவதைகளின் தலையில் குட்டி மின்விளக்கு எரிந்ததாம், அந்தக் காலத்திலேயே!

மனிதனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக, மரண தண்டனைக்குப் பதிலாக நாடுகடத்தப்பட்ட தேவதை அயோலாந்தி. அவள் மகன் ஸ்ட்ரெஃபான் இடுப்பு வரை தேவதை, கீழே மனிதன். சாவித்துவாரத்தில் நுழைந்துவிடுவான், கால் இரண்டும் வெளியே உதைத்துக்கொண்டு கிடக்கும். அவன் காதலிக்கும் பெண்ணின் பின்னால் பிரபுக்கள் சபையே, அதாவது பாராளுமன்றத்தின் மேல்சபையே அலைகிறது. கோபம் வந்த தேவதை ராணி அவனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிடுகிறாள். பரீட்சை வைத்துத்தான் பிரபு பட்டம் என்று அவன் சட்டம் கொண்டுவரப்போகிறான்!

குழு சின்னது. பிரபுக்கள் எட்டே பேர். "கீழ்நடுத்தர வர்க்கமே, குனி" என்று தடபுடலாக அணிவகுத்து வர வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் அங்கிக்குள் தடுக்கித் தடுக்கி வந்தார்கள். அதுவே இன்னும் வேடிக்கை. ஆள் குறைவு என் குறையே இல்லை.

குறை, பாராளுமன்றத்துக்கு வெளியே காவல் நிற்கும் சிப்பாயின் பாட்டில். ஓட்டெடுப்பு வந்தால் உறுப்பினர்கள் மூளையை வெளியே விட்டுவிட்டுப் போய், தலைவர் சொன்னபடி ஓட்டுப் போட வேண்டும் என்பான் அவன். அதில் இன்றைய அரசியல்வாதிகள் நான்கு பேர் பெயரைச் செருகிவிட்டார்கள். முதல் பெயருக்குச் சிரித்தோம். மூன்றாவதுக்கு இருமல் சத்தம். பெயரே இல்லாதவரை அந்த வரியில் எல்லாரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரைச் சொன்னதும் மற்றவர்கள் நைசாகத் தப்பிவிட்டார்கள்.

நல்லவேளை, முடிவில் கை வைக்கவில்லை. மனிதனை மணக்கும் தேவதை சாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் எல்லாத் தேவதைகளுமே பிரபுக்களைக் கட்டிக்கொண்டாயிற்று. சரி, என்ன செய்வது? 'மணக்கும்' என்பதை 'மணக்காத' என்று திருத்திவிடலாம் என்கிறார் பிரபுக்கள் சபைக்குத் தலைவரான சட்ட அதிகாரி, லார்ட் சான்சலர். கில்பர்ட் கொஞ்ச காலம் வக்கீலாக இருந்தவர், தெரிகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பிரபுக்களுக்கெல்லாம் இறக்கை முளைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. மறுபக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பறந்து போனார்.