"பேக்லாக்கில் போட்டு வைக்கிறோம்" என்பது பதில் ஆகாது

நம் சாஃப்ட்வேர் அலுவலகங்களில் "இதைச் செய்யப்போவதில்லை" என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. "டிக்கெட் போட்டுடுங்க, பேக்லாக்ல வெச்சுக்கலாம்" என்பார்கள். டிக்கெட் என்பது ஒரு வேலையைப் பற்றிய குறிப்பு, பேக்லாக் என்பது இனிமேல் செய்ய வேண்டியவற்றின் பட்டியல். கேட்டவர் நடக்கும் என்று நம்பிப் போய்விடுவார். இப்படிச் சேர்ந்தவைதான் பல டீம்கள் டிக்கெட்டுகளைப் பதிந்துவைக்கும் ஜிரா சாஃப்ட்வேரில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஆறு மாதமாக யாரும் தொடாத டிக்கெட்டை மூடிவிட வேண்டும், கேட்டவருக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

"நல்ல யோசனை தொலைந்துபோனால்?" என்று உடனே கேட்பார்கள். உண்மையாகவே தேவைப்படுவது தொலையாது. கிளையன்ட் மறுபடி கேட்பார், சப்போர்ட்டுக்கு அதே புகார் மறுபடி வரும். பேஸ்கேம்ப் நிறுவனம் 2019-இல் தன் வேலைமுறையை விரிவாக எழுதி வெளியிட்டது. அதில் பொதுவான பேக்லாக்கே கிடையாது. ஆறு வாரச் சுற்று ஒவ்வொன்றுக்கும் முன்னால், எதில் இறங்குவது என்று புதிதாகப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் சர்வீஸ் கம்பெனிகளால் அவ்வளவு தூரம் போக முடியாதுதான். பழையதைக் கழிக்கவாவது முடியும்.

கழித்தால்தான் மிச்சத்தைப் பற்றி உருப்படியாகப் பேச நேரம் கிடைக்கும். ஓர் உதாரணம். "ரிப்போர்ட்டை எக்செலில் டவுன்லோட் செய்யும் வசதி வேண்டும்" என்று ஒற்றை வரியில் ஒரு டிக்கெட். எஸ்டிமேட் கேட்டால் ஒரு டெவலப்பர் மூன்று பாயிண்ட் (வேலை எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்) என்கிறார், இன்னொருவர் பதின்மூன்று என்கிறார். பல டீம்களில் இரண்டுக்கும் நடுவே எட்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். மூன்று சொன்னவர் திரையில் தெரியும் ஐம்பது வரிகளை மனத்தில் வைத்துச் சொன்னார். பதின்மூன்று சொன்னவர் ஒரு வருட டேட்டா முழுவதையும் நினைத்தார்: பின்னணியில் தனியாக ஒரு ப்ரோகிராம் ஓட வேண்டும், ஃபைல் தயாரானதும் மெயில் போக வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு வேலைக்கு எண் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் டெஸ்டர் கேட்கிறார்: "கஸ்டமர் போன் நம்பரும் அந்த ஃபைல்ல வருமா? யாருக்கெல்லாம் அந்த பட்டன் தெரியணும்?" இதற்கு யாரிடமும் பதில் இல்லை என்றால் அந்த டிக்கெட் ஸ்பிரிண்டுக்குள், அதாவது டீம் அடுத்து செய்யப்போகும் குறுகிய வேலைச் சுற்றுக்குள், போகக் கூடாது. கிளையன்டைக் கேட்டுப் பார்த்தால், மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸில் ஒருவர் மொத்தத் தொகையை மட்டும் சரிபார்க்கிறார் என்று தெரியவரலாம். அப்படியானால் ரிப்போர்ட்டின் அடியில் கூட்டுத்தொகையைக் காட்டினாலே போதும், எக்செலே வேண்டாம்.

இந்தப் பேச்சுக்கு நேரம் வேண்டும். டீமின் வேலைநேரத்தில் வழக்கமாக 10 சதவீதத்துக்கு மேல் ரிஃபைன்மென்ட்டுக்கு, அதாவது இப்படி டிக்கெட்டுகளைப் பேசித் தெளிவாக்குவதற்கு, போகாது என்று ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பில் இருந்தது. 2020 பதிப்பில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இரண்டு வார ஸ்பிரிண்டில் 10 சதவீதம் என்றால் ஆளுக்கு ஒரு முழு வேலைநாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைமணி நேர கான்ஃபரன்ஸ் காலில் இருபது டிக்கெட்டை ஓட்டும் டீம்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

சென்னை, பெங்களூர் டீம்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், கமிட்டியாக இருக்கக் கூடாது, அவருடைய முடிவை நிறுவனம் மதிக்க வேண்டும் என்கிறது ஸ்க்ரம் கைடு. இங்கே நடப்பது வேறு. முடிவெடுப்பவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார். இங்கே ஒரு பிசினஸ் அனலிஸ்ட்டை ப்ராக்ஸி பி.ஓ. (ப்ராடக்ட் ஓனருக்குப் பதில் ஆள்) ஆக்கிவிடுவார்கள். டெவலப்பர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் "கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்ல முடியும். ஒரு டிக்கெட்டை மூடக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. பொறுப்பை மட்டும் தலையில் கட்டிவிட்டு, பேக்லாக் சுத்தமாக இல்லை என்று அப்ரைசலில் அவரையே குறை சொல்வது அநியாயம்.

மேனேஜர்களிடம் கேட்பது இதுதான்: குறிப்பிட்ட காலம் தொடாத டிக்கெட்டுகளை அந்த ப்ராக்ஸி பி.ஓ.வே மூடலாம் என்று கிளையன்டிடம் பேசி மெயிலில் வாங்கிக் கொடுங்கள். ஜிராவில் மூடிய டிக்கெட் அழிந்துபோவதில்லை. தேடினால் கிடைக்கும், வேண்டியவர் காரணம் சொல்லித் திறந்துகொள்ளலாம்.