ஜுவலைக் கட்டியதில் உள்ளூர் கையும் உண்டு

அண்ணே, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இருக்கிற ஜுவல் வணிக வளாகத்தைப் பற்றி, "ஜுவல் சாங்கியை முழுக்க வெளிநாட்டு நிறுவனங்கள்தான் கட்டின, சுதந்திரத்துக்கு முன்னால் இங்கே உள்ளூர் கட்டுமான நிறுவனமே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. வடிவமைத்த மோஷே சாஃப்டி வெளிநாட்டவர்தான். ஆனால் கட்டியது ஜப்பானின் ஒபயாஷியும் சிங்கப்பூரின் வோ ஹப்பும் கூட்டாக. வோ ஹப் 1927இலேயே இங்கே தொடங்கிய நிறுவனம், சுதந்திரம் 1965இல்தான்.

பீச் ரோட்டில் படிப்படியாகச் சரிந்து நிற்குமே கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், 1973இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் பழைய பெயரே வோ ஹப் காம்ப்ளெக்ஸ். அப்புறம், கரையோரப் பூந்தோட்டங்களின் (Gardens by the Bay) இரண்டு கண்ணாடிக் குளிர்கூடங்களை எழுப்பியதும் வோ ஹப்தான். இத்தனை கால உழைப்பை ஒரே வரியில் இல்லையென்று தள்ளியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.