நர்ஸ் என்பது முதலெழுத்துச் சுருக்கம் இல்லைங்க

மே 12 செவிலியர் தினத்துக்குப் போட்ட இந்தப் பதிவுல, உன்னதம், புரிதல், பொறுப்பு, பரிவு, திறமைன்னு பொருள் தர்ற அஞ்சு ஆங்கிலச் சொற்களோட முதலெழுத்துகளைக் கோத்துத்தான் 'நர்ஸ்' வந்துச்சுன்னு இருக்குதுங்க. நல்லெண்ணத்துலதான் பகிர்ந்திருக்கீங்க. ஆனா அந்தச் சொல் அப்படிப் பிறக்கலைங்க.

லத்தீன்ல 'நூத்ரீரே'ன்னா ஊட்டி வளர்க்கிறது. அந்த வேர்ல கிளைச்ச சொல் பழைய பிரெஞ்சு வழியா 'நோரிஸ்'னு ஆங்கிலத்துக்கு வந்தப்ப, அடுத்தவங்க குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கிறவங்கன்னு அர்த்தம். நோயாளியைப் பார்த்துக்கிறவங்கங்கிற பொருள் 16ஆம் நூற்றாண்டு வாக்குலதான் சேர்ந்துச்சு. நம்ம 'செவிலி'யும் அப்படித்தானுங்க. சங்கப் பாட்டுல தலைவியை வளர்த்த தாய், இன்னைக்கு ஆஸ்பத்திரி வார்டுல ராத்திரி முழிச்சிருக்கிறவங்க. எனக்கு அந்த அஞ்சு சொல்லைவிட இதுதான் பெரிய மரியாதையாத் தெரியுது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கன்னு வாங்கப் போனா, கறுப்புப் பைல கன்னு அடுக்கியிருக்கிற இடத்துக்கு 'நர்சரி'ன்னுதான் போர்டு. சின்னக் குழந்தைங்க பள்ளிக்கூடமும் நர்சரிதான். ரெண்டுலயும் வளர்க்கிற வேலைதானுங்களே நடக்குது.

நீங்களே சரிபார்க்கலாம். நூலகத்துலயோ இணையத்துலயோ ஒரு ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியை எடுத்து இந்தச் சொல்லோட இடைக்கால வடிவங்களைப் பாருங்க. 'எஸ்' வர வேண்டிய இடத்துல பெரும்பாலும் 'சி' இருக்கும். அப்புறம் பரிவுக்கான 'எஸ்' எங்கிருந்து வரும்? முடிஞ்சா பதிவுல அந்த ஒரு வரியை மட்டும் மாத்திருங்க, வாழ்த்து அப்படியே இருக்கட்டும்.