ரிப்போர்ட் அடித்துத் தூக்கியதற்கு லட்டு படம் போட்டவர்களுக்கு

முந்தாநாள் இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், மறுபடி கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. இங்கே பெங்களூரில் தொம்லூர் சார் என்று நாம் கூப்பிடும் பாஜகக்காரரின் சமூக ஊடகப் பக்கம், கூட்டமாகப் புகார் அனுப்பியதில், காணாமல் போனதும் "ரிப்போர்ட் அடிச்சுத் தூக்கிட்டோம்" என்று ஒருவர் போட்டார். பிறகு வரிசையாக லட்டு, பட்டாசு, கைதட்டல். "இதில் கொண்டாட என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு எனக்கு வந்த பதில்களில் பாதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது: "அக்கா எப்போ சங்கி ஆனாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அதையும் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

எனக்கும் சாருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. நீட், ஆளுநர், மும்மொழி என்று எதை எடுத்தாலும் அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை. அல்சூர் ஏரிப் பக்கம் பார்த்தால் "என்ன உடன்பிறப்பே" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார், அரை மணி நேரம் போகும். சிறுபான்மையினரைப் பற்றி அவர் எழுதிய சில பதிவுகள் மோசமானவை. அவற்றின் கீழேயே, என் பெயரில், என் படத்தோடு மறுத்து எழுதியிருக்கிறேன். அந்தப் பதிவுகளை நான் இன்றைக்கும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருடைய பக்கத்தை மூடியதற்குக் கைதட்ட மாட்டேன்.

ஏன் என்றால், தூக்கியது நீங்கள் இல்லை. கம்பெனி தூக்கியது. நீங்கள் கூட்டம் சேர்ந்து ஒரு பொத்தானை அமுக்கினீர்கள், அவ்வளவுதான். முடிவெடுத்தது யார், எந்தப் பதிவுக்காக, எந்த விதியின்படி என்று உங்களுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. "எங்கள் சமூக விதிமுறைகளை மீறிவிட்டீர்கள்" என்று ஒற்றை வரி வந்திருக்கிறது. எந்தத் தளம் என்று நான் இங்கே எழுதவில்லை, எல்லாத் தளமும் இப்படித்தான் எழுதுகிறது. போனது அரசியல் பதிவுகள் மட்டுமா? தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயில் தமிழ்க் கல்வெட்டுகளை வெயில் சாயும் நேரம் பார்த்துப் பார்த்து அவர் எடுத்த படங்கள், அல்சூர் சோமேசுவரர் கோயில் படங்கள், ஊர் ஊராக அலைந்து எழுதிய குறிப்புகள், எல்லாம் போச்சு. பெங்களூரில் தமிழன் நேற்று வந்தவன் இல்லை என்று நீங்கள் சண்டை போடும்போதெல்லாம் எடுத்துப் பகிர்ந்தது அந்தப் படங்களைத்தான்.

"தனியார் கம்பெனி, அவங்க இடம், அவங்க சட்டம், பிடிக்கலைன்னா வெளியே போகலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நீங்களும் இந்த ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். பக்கத்துப் போர்ஷன்காரரை ஓனர் காரணம் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானைத் தூக்கி வெளியே போட்டால், "அவர் வீடு, அவர் இஷ்டம்" என்று லட்டு கொடுப்பீர்களா? அந்த ஆளை உங்களுக்குப் பிடிக்காது என்பதற்காகவே ஓனருக்குக் கைகொடுப்பீர்களா? அடுத்த மாதம் அதே ஓனர் உங்கள் கதவைத் தட்டும்போது யாரிடம் போவீர்கள்?

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் கண்ணெதிரே நடந்தது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்தது. ஜனவரி 8 அன்று ட்விட்டர் டிரம்பின் கணக்கை நிரந்தரமாக மூடியது. ஃபேஸ்புக் அதற்கு முன்பே முடக்கிவிட்டது. அவருடைய ஆதரவாளர்கள் கூடியிருந்த பார்லர் செயலியை ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளிலிருந்து எடுத்தன, அமேசான் சர்வர் தர மறுத்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உலகம் முழுக்க நம்மைப் போன்றவர்கள் கைதட்டினார்கள். டிரம்புக்குத் துளியும் வேண்டாதவர் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் மெர்க்கல். ஆனால் அவருடைய செய்தித் தொடர்பாளர்தான் இதைச் சிக்கலானது என்றார். பேச்சுரிமைக்கு வரம்பு போட வேண்டுமானால் சட்டமியற்றுபவர்கள் போடட்டும், ஒரு கம்பெனி நிர்வாகம் முடிவெடுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

பிறகு என்ன ஆனது? 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார், நவம்பரில் டிரம்ப் கணக்கு திரும்பி வந்தது. 2025 ஜனவரியில், டிரம்ப் மறுபடி பதவியேற்கும் நேரத்தில், அமெரிக்காவில் வெளியாரைக் கொண்டு நடத்திய உண்மை சரிபார்ப்பை நிறுத்துவதாக ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். கணக்கை முடக்கியதற்காக டிரம்ப் போட்ட வழக்கை முடித்துக்கொள்ள மெட்டா 2.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டதும் அதே மாதம்தான். இதற்கு நடுவில் சட்டம் மாறவில்லை. ஆட்சி மாறியது. 2021இல் கைதட்டியவர்கள் இப்போது அதே கம்பெனிகளைத் திட்டுகிறார்கள், அன்று திட்டியவர்கள் இப்போது கைதட்டுகிறார்கள். கம்பெனி இரண்டு கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு தன் வியாபாரத்தைச் செய்கிறது.

"அவங்க மட்டும் நமக்குச் செய்யலையா?" என்பதுதான் குழுவில் அதிகம் பேர் கேட்டது. செய்தார்கள். யார் இல்லை என்றது? 2025 பிப்ரவரியில், டிரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன் வந்ததற்காக விகடன் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் போய், அந்தக் கார்ட்டூனை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறக்கச் சொல்கிறோம் என்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு இதே குழுவில் எப்படிக் கொதித்தீர்கள்! ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடுவதா என்று கேட்டீர்கள். நானும் கேட்டேன். இப்போது சில பதிவுகளுக்காக ஒரு மனிதரின் மொத்தப் பக்கமும் போயிருக்கிறது. அந்தக் கேள்வி எங்கே போனது?

அது அரசு செய்தது, இது கம்பெனி செய்தது, ரெண்டும் ஒண்ணா என்பீர்கள். அரசும் கம்பெனியும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம், விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் நம் கர்நாடக உயர் நீதிமன்றமே போதும். கணக்குகளை முடக்கச் சொன்ன மத்திய அரசின் உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் இங்கேதான் வழக்குப் போட்டது. 2023 ஜூனில் மனு தள்ளுபடி, 50 லட்சம் ரூபாய் அபராதம் வேறு. பிறகு 'சஹயோக்' வந்தது. உள்துறை அமைச்சகத்தின் இணைய வாசல் அது. பல துறை அதிகாரிகளும் அதன் வழியாகவே 'இதை நீக்கு' என்று தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் (பழைய ட்விட்டர்தான்) தொடுத்த வழக்கையும் 2025 செப்டம்பரில் இதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கானது, வெளிநாட்டுக் கம்பெனி அதைக் கோர முடியாது என்றது தீர்ப்பு. சரி. அப்படியானால் குடிமக்கள் எங்கே? பதிவு எழுதிய ஆள் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பெரும்பாலும் அவருக்கு நோட்டீஸ்கூட வருவதில்லை. அரசும் கம்பெனியும் பேசி முடித்த பிறகு, பக்கத்தைத் திறந்து பார்த்து, இல்லை என்று தெரிந்துகொள்கிறார். அவர் சார்பாகப் பேச வேண்டியவர்கள் நாம். நாம் லட்டு படம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தமிழர்களுக்கு இது புதிதா? நவம்பர் 27, மாவீரர் நாள் வந்தால் என்ன நடக்கும் என்று தமிழ் முகநூலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிரபாகரன் படம் போட்டால் பதிவு போகும், கணக்கு முடங்கும். ஆதரித்து எழுதினாலும் விமர்சித்து எழுதினாலும் படம் படம்தான். புலிகளைச் சேர்த்து அமெரிக்கா 1997இல் போட்ட பயங்கரவாத அமைப்புகள் பட்டியலின் நிழல், தாம்பரத்திலும் சிவாஜிநகரிலும் உட்கார்ந்து எழுதுகிறவர் மேல் விழுகிறது. அதற்குக் கொதித்த தம்பிகளும் முந்தாநாள் கைதட்டினீர்களே, அது எப்படி?

"பொய்யும் வெறுப்பும் பரவினால் சும்மா விடுவதா?" இந்தக் கேள்வியைக் கேட்ட தோழருக்கு மட்டும் நான் மதித்துப் பதில் சொல்கிறேன். விடக் கூடாது. வதந்தி என்ன செய்யும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2012 ஆகஸ்டில் எஸ்எம்எஸ் வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சிட்டி ரயில்வே ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றதைப் பார்த்தவர்கள் நாம். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது வாட்ஸ்அப்பில் எந்த வீடியோ எந்த ஊருடையது என்று தெரியாமல் நடுங்கியவர்களும் நாம். கன்னட நடிகர்களைக் கிண்டலடித்து ஃபேஸ்புக்கில் போட்டான் என்று ஒரு தமிழ்ப் பையனை இந்த ஊரில் பிடித்து அடித்தார்கள், அந்த வீடியோவும் சுற்றியது. கலவரத்தைத் தூண்டும் பதிவைத் தடுக்கச் சட்டம் இருக்கட்டும். ஆனால் எந்தப் பதிவு, எந்தப் பிரிவு என்று சொல்லட்டும். எழுதியவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கட்டும். மேலே ஒரு நீதிபதி இருக்கட்டும். இது அதிகப்படியான ஆசையா?

கம்பெனியில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? என் தங்கை மகள் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் இந்த வேலை பார்த்தாள். பெயர் வேண்டாம். வரிசையாக வந்துகொண்டே இருக்கும் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்து, இருக்கட்டும், எடு என்று அமுக்க வேண்டும். நாள் கணக்குக்கு இவ்வளவு முடிக்க வேண்டும் என்று இலக்கு. எழுதியவர் யார், முன்பின் என்ன பேச்சு ஓடியது என்று தேட நேரமில்லை. யாழ்ப்பாணத் தமிழும் நெல்லைத் தமிழும் வரும், சண்டையா விளையாட்டா என்று இவளுக்கே புரியாது. நடுநடுவே ரத்தமும் பிணமுமாக வீடியோக்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். வேலையை விட்டபோதுதான் அவள் முகத்தில் பழைய களை வந்தது. நம் அரசியல் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, நீதி கிடைத்துவிட்டது என்கிறீர்கள்.

இனி, நான் எப்போது சங்கி ஆனேன் என்ற கேள்வி.

என் அப்பா பின்னி மில் தொழிலாளி. கலைஞர் பேச்சைக் கேட்க ரயிலேறிப் போகிறவர். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது வாஜ்பாயியும் அத்வானியும் பெங்களூரில்தான் இருந்தார்கள், இங்கேயே கைதாகி இந்த ஊர்ச் சிறையில் இருந்தார்கள். இன்றைய பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்துக்காரர்கள் உள்ளே போனதற்கு மில்லில் சிலர் சந்தோஷப்பட்டார்களாம். அப்பா அவர்களோடு சண்டை போட்டார், "இன்னைக்கு அவன், நாளைக்கு நாம" என்று. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள், மிசாவில் கட்சிக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு பாஜகக்காரரின் வாயைக் கம்பெனி மூடியதற்கு நான் கைதட்டவில்லை என்றால் என் கட்சி எது என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். நான் என் அப்பாவிடம் கற்றுக்கொண்ட அரசியல் இது. உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? 2012இல் கார்த்தி சிதம்பரம் பற்றி ஒரு ட்வீட் போட்ட புதுச்சேரிக்காரரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பால் தாக்கரே இறந்தபோது மும்பை ஏன் அடைத்துக் கிடக்க வேண்டும் என்று எழுதிய பால்கர் பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் பிடித்தார்கள். அப்போது டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறியும்வரை எல்லாக் கட்சி ஆட்சியும் அதைப் பயன்படுத்தியது. அன்று குறைந்தபட்சம் எதிர்த்துப் போராட ஒரு சட்டப் பிரிவு, ஒரு எஃப்ஐஆர், ஒரு நீதிமன்றம் இருந்தது. சாரிடம் இருப்பது ஒற்றை வரி மின்னஞ்சல்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "வாம்மா, உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் ஆளுங்க என்று அவர் சொன்னது உங்களைத்தான்.

தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது. விதிப்படி 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால், அதிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்திருக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். உறுப்பினர்களை நியமிப்பது அரசு என்பதால் அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் இப்போதைக்கு இருக்கும் கதவு அதுதான். இந்த மனு எழுதி அனுபவம் உள்ளவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், உள்பெட்டிக்கு வாருங்கள். சாரின் கல்வெட்டுப் படங்களை எப்போதாவது சேமித்து வைத்திருப்பவர்களும் அனுப்புங்கள். பின்னூட்டத்தில் என்னைத் திட்ட வருகிறவர்கள் திட்டலாம், ஒன்றையும் நீக்க மாட்டேன்.