இணைப்பைக் கேட்டால் படம் வருகிறது

சக ஆசிரியர்களுக்கு இணைய இணைப்புகளைச் சேமிக்கவும் பகிரவும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்ற நாள்முதல், இணைப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருவது திரைப்பிடிப்புப் படம்தான். அதிலும் முகவரி இருக்கும் பகுதி மட்டும் தவறாமல் வெட்டப்பட்டிருக்கும். பாடநூலின் கியூஆர் குறியீட்டை நொடியில் ஸ்கேன் செய்பவர்களுக்கு, குரோம் உலாவியில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, பக்கத்தைச் சேமிக்கும் நட்சத்திரத்தை அழுத்துவது ஏன் மலையாகத் தெரிகிறதோ!

மூத்த ஆசிரியர் ஒருவர், சேமிப்பதற்குப் பதிலாக எந்தப் பக்கத்தையும் மூடாமலே வைத்திருந்ததால், திறந்த பக்கங்கள் நூறைத் தொட்டு, எண்ணிக்கை காட்டும் கட்டத்தில் சிரிப்புக் குறி வந்துவிட்டது. "பாருங்கள் சார், செல்போனே பாராட்டுகிறது" என்றார்.

கூகுள் டிரைவ் கோப்பைப் பகிர்பவர்களோ, யார் பார்க்கலாம் என்ற அமைப்பைத் தொடுவதேயில்லை. நள்ளிரவிலும் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறேன்.