கரையில் நிற்கிறவருக்கும் ஒரு பங்கு

போன மார்கழியில் எங்கள் துறையில் ஒரு போட் கவிழ்ந்தது. முல்லைத்தீவுக் கடலை அறிந்தவர்களுக்கு வாடைக்காற்று நேரம் கரை பிடிப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் துறை என்றால் வெறும் மணல்தான். அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். பெரிய அலை மூன்று நாலு அடுத்தடுத்து வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்குள் ஓர் அலையின் முதுகோடு ஒட்டி வந்து, அடி மணலில் தட்ட முதல் என்ஜினைத் தூக்கிவிட வேண்டும். அலையை முந்தினால் அணியம், அதாவது போட்டின் முன்பக்கம், தண்ணீருக்குள் குத்தும். பிந்தினால் பின்னால் வருகிற அலை போட்டைக் குறுக்கே திருப்பும். ஓட்டிக்கு முன்னால் போகிற அலையின் முதுகுதான் தெரியும். அதன் முகம் கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அன்று ஓட்டி என் சித்தப்பாவின் மகன். கரையில் நின்ற ஒருவர் கையைத் தெற்கே நீட்டினார். "நீ தெற்கே விலகிவிட்டாய்" என்று அவர் சொல்ல வந்தார். பத்தடி தள்ளி நின்ற இன்னொருவர் சாரத்தை அவிழ்த்து வடக்குப் பக்கமாக வீசினார். "வடக்கே வா" என்று அவர் சொல்ல வந்தார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றேதான். ஆனால் தம்பிக்கு ஒருவர் தெற்கே கூப்பிடுகிறார், மற்றவர் வடக்கே கூப்பிடுகிறார் என்று பட்டது. ஒரு கணம் தயங்கினான், அந்த ஒரு கணத்தில் அலை பிடித்துவிட்டது. என்ஜின் தண்ணீர் குடித்தது. வலை போனது. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது கடவுள் செயல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவன்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில் விமானம் வந்து இறங்குகிறது. கப்பலின் பின்பக்கத்து இடது ஓரத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். "அண்ணா, இவரைப் பாருங்கோ. இவர் சொல்லுறதைக் கேட்டுத்தான் அவன் இறங்குறான்" என்றான். அன்றிலிருந்து ஒரு மாதமாக இதைப் பற்றித்தான் தேடித் தேடி வாசிக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க் காலத்தில் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஆள் நான். போர் விமானத்தின் மீதோ போர்க்கப்பலின் மீதோ எனக்கு எந்த மயக்கமும் இல்லை. அந்த ஓரத்தில் நிற்கிற மனிதரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அவருக்குத் தரையிறங்கு சைகை அதிகாரி என்று பெயர். அமெரிக்கக் கடற்படையில் இந்த வேலை லாங்லி என்ற முதல் விமானந்தாங்கிக் கப்பலில் தொடங்கியது. அந்தக் கப்பல் சேவைக்கு வந்தது 1922இல். அதன் இரண்டாம் நிலைத் தளபதி கெனத் வைற்றிங் விமானங்கள் இறங்குவதைப் பின்பக்க ஓரத்தில் நின்று பார்ப்பாராம். ஒருநாள் ஒரு விமானி உயரத்தைச் சரியாகப் பிடிக்க முடியாமல் திண்டாட, அவர் பக்கத்தில் நின்ற மாலுமிகளின் வெள்ளைத் தொப்பிகளைப் பிடுங்கி இரண்டு கையாலும் சைகை காட்டி இறக்கினார் என்று கதை சொல்கிறார்கள். தொப்பிக்குப் பிறகு கொடி வந்தது, கொடிக்குப் பிறகு பளிச்சென்ற துணி கட்டிய மட்டை வந்தது. மட்டை போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றும் அந்த அதிகாரியை விமானிகள் "பாடில்ஸ்", அதாவது மட்டைகள், என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு விஷயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்களின் சைகையும் பிரித்தானியர்களின் சைகையும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்திருக்கின்றன. அமெரிக்கர் மட்டைகளை மேலே தூக்கினால் "நீ உயரமாக வருகிறாய்" என்று அர்த்தம், விமானி கீழே இறங்க வேண்டும். பிரித்தானியர் அதே மாதிரித் தூக்கினால் "மேலே ஏறு" என்று அர்த்தம். ஒருவர் நிலையைச் சொல்கிறார், மற்றவர் கட்டளையைச் சொல்கிறார். பிறகு பிரித்தானியர்கள் அமெரிக்க முறைக்கு மாறினார்கள். இதை வாசித்தபோது எங்கள் கரையில் நீண்ட அந்தக் கையும் வீசிய சாரமும்தான் கண்முன் வந்தன. அவ்வளவு பெரிய கடற்படைகளே உட்கார்ந்து பேசி ஒரே பாஷைக்கு வர வேண்டியிருந்தது. நாங்கள் ஒருநாளாவது அப்படி உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

ஜெற் விமானங்கள் வந்த பிறகு கைச் சைகைக்கு நேரம் போதவில்லை. பிரித்தானியக் கடற்படையின் நிக்கலஸ் குட்ஹார்ட் 1950களின் தொடக்கத்தில் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் வைத்து ஒரு முறையைக் கொண்டுவந்தார். இப்போது கண்ணாடிக்குப் பதிலாக வில்லை விளக்குகள். விமானி பார்க்கும் வெளிச்சப் பந்து பச்சை விளக்கு வரிசைக்கு நேரே இருந்தால் பாதை சரி. மேலே இருந்தால் உயரம் கூட. கீழே இறங்கிச் சிவப்பானால் ஆபத்து.

சரி, விளக்கு வந்துவிட்டதே, ஆள் எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆளை எடுக்கவில்லை. விமானம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. கடைசி நேர்ப்பாதை 15 முதல் 18 செக்கன் மட்டும்தான். பந்தைக் கண்டுவிட்டேன் என்று விமானி சொல்வார், மிஞ்சிய எரிபொருளையும் சொல்வார். அதிகாரி இரண்டே சொல்லில் பதில் சொல்வார். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் "பவர்", அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டு, என்பார். அவர் கையில் ஒரு சுவிட்ச் இருக்கும். தளத்தில் இன்னும் தடை இருக்கிறது என்றால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கியே வைத்திருப்பார், மறந்துவிடக் கூடாது என்பதற்காக. அதை அழுத்தினால் சிவப்பு விளக்குகள் மின்னும், விமானி மறுபேச்சில்லாமல் மேலே ஏறித் திரும்பவும் சுற்றி வர வேண்டும். துணைக்கு நிற்பவரிடமும் ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் எல்லோரும் பேசுவது முன்கூட்டியே தீர்மானித்த அதே சில சொற்களைத்தான்.

அவர்கள் எல்லோரும் விமானிகள். நேற்றுத் தானே வந்து இறங்கியவர்தான் இன்று அங்கே நிற்கிறார். விமானம் தவறினால் விழப்போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். ஓடிக் குதிப்பதற்கு ஒரு வலை மட்டும் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இறக்கத்தையும் ஒருவர் கொப்பியில் எழுதுகிறார், எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. பிறகு விமானியிடம் நேரே போய் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பெரிய பதவிக்காரர் என்றாலும் விலக்கில்லை, எல்லோர் பார்வையிலும் படும்படி புள்ளிப் பலகை தொங்குகிறது.

எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முதுகு விட்டுப்போன பிறகு விடியப்புறம் கரைக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு கையையும் விரித்தால் நில். சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றினால் வா. வேறு சைகை கிடையாது. அவர் நிற்கும்போது வேறு யாரும் கை தூக்க மாட்டார்கள், தூக்கினால் கெட்ட பேச்சு வாங்குவார்கள். போட் ஏறின உடனே, மீன் தட்டுவதற்கு முதலே, ஓட்டியிடம் போவார். "ஓய்வு வர முதலே ஏன் வெளிக்கிட்டனீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். எனக்கும் ஒருநாள் கேட்டார். அன்று கோபம் வந்தது உண்மைதான். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அவசரப்பட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் நிற்கிறோம், எல்லோரும் கை காட்டுகிறோம்.

"இப்பத்தான் போனில் காற்றும் அலையும் பார்க்கலாமே" என்று இளம் பிள்ளைகள் சொல்கிறார்கள். பாருங்கள், நல்லது. ஆனால் அமெரிக்கக் கப்பல்களில் இறங்குவதற்கு உதவுகிற கணினி முறைகள் எல்லாம் வந்த பிறகும் அந்த ஓரத்தில் ஆள் நிற்கிறது. எங்கள் மணலில் எந்த அலை எங்கே உடைகிறது என்பதைப் போன் சொல்லாது.

எனக்கு மனசில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் துறையில் போட்டுக்குப் பங்கு உண்டு, என்ஜினுக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு. பெரியப்பாவுக்குக் கொடுத்தது கறிக்கு இரண்டு மீன். இது நியாயமில்லை. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற பழைய ஓட்டிகள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். காலிழந்த நல்ல ஓட்டிகளும் இருக்கிறார்கள், அவர்கள் கண் இன்னும் கடலில்தான் இருக்கிறது. வாடை முடியும்வரை அவர்களில் ஒருவரைக் கரையில் நிறுத்துவோம், ஒவ்வொரு போட்டிலிருந்தும் ஒரு சிறு பங்கு கொடுப்போம். சைகை நாலு போதும்: வா, நில், வடக்கு, தெற்கு. நாலும் கட்டளையாகவே இருக்கட்டும், நிலையைச் சொல்கிற சைகை வேண்டாம். இரவுக்கு ரோச் லைற்றில் அதே நாலு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழும்பி இதைக் கேட்கப் போகிறேன். மாவுக்கட்டோடு தம்பியும் வருகிறான். அந்த நாலு சைகையையும் அவனே ஒரு மட்டையில் கீறி வைத்திருக்கிறான். எங்கள் துறைக்காரர் யாராவது இதை வாசித்தால் நேரத்தோடு வாருங்கள், மீன் விலைக் கதை தொடங்க முதல் இதைப் பேசி முடிக்க வேண்டும்.