பிலியரி அட்ரீசியா: ஜீன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்
பிலியரி அட்ரீசியா என்பது கைக்குழந்தையின் பித்தநாளம் அடைபடும் நோய். சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த அண்ணா ஒருவர், “பிலியரி அட்ரீசியா சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய், முதலில் ஜீன் டெஸ்ட், அப்புறம் ஆபரேஷன்” என்று எழுதியிருக்கிறார். முதலாவது தவறு. இரண்டாவது ஆபத்து.

ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில்கூடப் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தப் பித்தநாள அடைப்பு வருகிறது. ஒற்றை ஜீன் கோளாறென்றால் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். ஏடிடி3, ஜிபிசி1 ஜீன்களில் கண்ட மாற்றங்கள் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுபவை, அவ்வளவே. நோயில்லாத பலரிடமும் அவை உண்டு. மண்ணீரல் குறையோடு வரும் சிறு பிரிவில் சிலருக்கு மட்டும் பிகேடி1எல்1 ஜீனில் மாற்றம் தென்படுகிறது.

அண்ணா குழப்பிக்கொண்டது பிஎஃப்ஐசி-யோடு (பித்தம் கல்லீரலிலேயே தேங்கும் பரம்பரை நோய்) என்று நினைக்கிறேன். ஏடிபி8பி1, ஏபிசிபி11, ஏபிசிபி4 போன்ற ஜீன்களில் ஏதாவது ஒன்றில் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அந்த நோய். இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினீர்களா என்று டாக்டர் கேட்பது இதற்குத்தான். முதல் இரண்டு ஜீன்களால் வரும் வகைகளில் ஜிஜிடி (ரத்தத்தில் பார்க்கும் ஒரு கல்லீரல் நொதி) அளவு உயராது. ஏபிசிபி4-இல் கூடும், அட்ரீசியாவிலும் கூடும். ஆகவே ஜிஜிடி மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. அலஜில் நோய் (கல்லீரலில் பித்தநாளங்கள் குறைவாக இருக்கும் மரபணு நோய்) வேறு: ஜேஏஜி1-இன் ஒரு பிரதி கெட்டாலே போதும், பாதிக்கு மேற்பட்டோரிடம் அது பெற்றோரிடம் இல்லாத புது மாற்றம்.

பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால், அல்லது மலம் வெளுத்தால், ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு (மஞ்சள் நிறமி) டைரக்ட் பிலிருபினையும் (பித்தம் வெளியேறாதபோது கூடும் பகுதி) கேட்டுப் பாருங்கள். அட்ரீசியாவுக்கான கசாய் ஆபரேஷன் (பித்தம் வடிய, குடலைக் கல்லீரலோடு இணைப்பது) பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். ஜீன் ரிப்போர்ட் வரவே வாரக்கணக்காகும். பிள்ளை, தாய், தகப்பன் மூவரின் ரத்தத்தையும் ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) குழாயில் அனுப்பிவிட்டு, சிகிச்சையைத் தொடருங்கள். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுமுன் மாதிரி எடுப்பது நல்லது.